கைத்துப்பாக்கிக்குப் பிடி செய்தல்: மரம், கொம்பு, தந்தத்துக்கு மாற்று – முழுமையான வழிகாட்டி

கைத்துப்பாக்கியின் எஃகுச் சட்டகம் வெயிலுக்கும் மழைக்கும் அசைந்துகொடுக்காது. அதன் இருபுறமும் நாம் பொருத்தும் மரமோ கொம்போ அப்படி இருக்காது. காற்றில் ஈரம் கூடினால் குடித்துப் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். அசையாத ஒன்றின் மேல் அசைகிற ஒன்றை உட்காரவைப்பதுதான் பிடி செய்பவரின் வேலை. வளைவும் மெருகும் அதற்குப் பிறகு வருபவை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரேகை அள்ளித் தெளித்த மரத்துண்டு ஒன்றைக் கண்டதும் வாங்கிவிடுகிறார்கள், வாங்கிய வாரமே அறுக்கிறார்கள், வெளிப்பக்கத்தை முகம் தெரியும்படி மெருகேற்றுகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பலகை நெளிந்து, திருகுத் துளையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பும்போது மரத்தைத் திட்டுகிறார்கள். மரத்தின் மேல் தவறில்லை.

எந்தத் துப்பாக்கிக்குச் செய்யலாம்

பிளாஸ்டிக் சட்டகம் கொண்ட இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் பிடியும் சட்டகமும் ஒரே வார்ப்பு. கிளாக் வகை அப்படிப்பட்டது. கழற்ற எதுவும் இல்லை, எனவே மாற்றவும் எதுவும் இல்லை. உலோகச் சட்டகத்தின் இருபுறமும் தனித்தனிப் பலகையைத் திருகால் இறுக்கும் அமைப்பு இருந்தால்தான் நமக்கு வேலை. 1911, பெரெட்டா 92, சிஇசட் 75 போன்ற பிஸ்டல்களும் பெரும்பாலான ரிவால்வர்களும் இந்த வகை.

முதல் முயற்சிக்கு 1911-ஐத்தான் சொல்வேன். 1911-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த வடிவமைப்பில் பலகை தட்டையாக உட்காருகிறது, ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு திருகுகள், உட்புறம் பெரிய குடைவு எதுவும் தேவையில்லை. முழு அளவுச் சட்டகத்தில் இரு திருகுகளின் மையங்களுக்கு இடையே சுமார் 78 மி.மீ., குட்டையான சட்டகத்தில் சுமார் 68 மி.மீ. வழக்கமான பலகையின் அதிகபட்சத் தடிமன் ஏறக்குறைய 6.3 மி.மீ. இந்த எண்களை மரம் வாங்க மட்டும் பயன்படுத்துங்கள். துளை போட உங்கள் கையில் இருக்கும் சட்டகத்தைத்தான் அளக்க வேண்டும். ஒரே மாதிரியின் இரண்டு துப்பாக்கிகளுக்கு இடையிலேயே சிறு வேறுபாடு இருக்கும், அதைப் பார்த்துப் பொருத்துவதற்காகத்தான் கையால் செய்கிறோம்.

ரிவால்வர் சற்றுக் கடினம். பிடிச் சட்டகத்தின் அடியில் குறுக்காக ஒரு சிறு முளை இருக்கும், பலகையின் உள்முகத்தில் அதற்குச் சரியான குழி வேண்டும். இரு பலகைகளையும் ஒரே நீளத் திருகு குறுக்கே சேர்க்கிறது. கோல்ட் நிறுவனத்தின் 1873 ரிவால்வரில் இன்னும் சிக்கலான ஒற்றைப் பிடி உண்டு. இரு பக்கப் பலகைகளையும் நடுவில் ஒரு கட்டையோடு ஒட்டி ஒரே உருப்படியாக்கி, உலோகப் பட்டைகளைக் கழற்றி உள்ளே நுழைக்க வேண்டும். அதைக் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டறைக்கு வருமுன்

உரிமம் பெற்ற உங்கள் சொந்தத் துப்பாக்கி என்றாலும் விதி ஒன்றுதான். தோட்டாப்பெட்டியைக் கழற்றி, குழலின் பின்புறம் தோட்டா ஏறும் அறையைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலால் தடவிக் காலி என்று உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். பிறகு பிரித்து, சட்டகத்தை மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: மரத்தூளும் அரத்தூளும் விசை அமைப்புக்குள் போனால் சுத்தம் செய்வதற்கு அரை நாள் பிடிக்கும். திறந்திருக்கும் துவாரங்களை ஒட்டுநாடாவால் (மாஸ்கிங் டேப்) மூடுங்கள்.

பழைய பலகையைக் கழற்றும்போது திருகு வாயின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாக உட்காரும் திருப்புளியை எடுங்கள். ஆப்பு போல் கூர்ந்துகொண்டு போகும் சாதாரணத் திருப்புளி வாயிலிருந்து வழுகி, சட்டகத்தில் அழியாத கீறல் போட்டுவிடும்.

தூசுக்கு நல்ல முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஈட்டி, கொக்கோபோலோ போன்ற மரங்களின் தூள் தோலில் பட்டுத் தடிப்பையும் அரிப்பையும் தரும். முதல் நாள் ஒன்றும் செய்யாத மரம், உடல் அதை அறிந்துகொண்ட பிறகு கடுமையாகத் திருப்பித் தாக்கும்.

மரம் தேர்வு

மரத்தின் மென்மையான வெளிப்பகுதியான வெளிறு வேண்டாம், வைரம் பாய்ந்த பகுதி வேண்டும். கணு இருந்தால் ஒதுக்குங்கள். ரேகை பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறிப்பாக மேல் முனையிலும் கீழ் மூலைகளிலும். அங்கே பலகை மெலிகிறது, ரேகை குறுக்கே வெட்டுப்பட்டால் அந்த மூலை ஒரு நாள் தானாகவே உதிரும். அலையும் சுழியும் கொண்ட அழகான பகுதி நடுவயிற்றில் விழும்படி, வெட்டப்போகும் பலகையின் மாதிரி வடிவத்தை நகர்த்தி வையுங்கள்.

வால்நட் அரத்துக்கும் உளிக்கும் இசைந்துகொடுக்கும் மரம், முதல் பிடிக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஈட்டி, கருங்காலி, கொக்கோபோலோ, பாலைவன இரும்புமரம் எல்லாம் அடர்த்தியானவை, நல்ல கனம் தருபவை. ஆனால் கருங்காலி உலரும்போது வெடிக்கும் குணம் உள்ளது, முழுவதும் உலர்ந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். ஈட்டியும் கொக்கோபோலோவும் அடங்கிய டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் கீழ் இருக்கிறது. நாடு விட்டு நாடு அனுப்புவதானால் சான்றிதழ் கேட்பார்கள். மென்மையான, சுழி நிறைந்த மரத்துண்டுகளில் பிசினை வெற்றிடத்தில் ஏற்றிச் சூட்டில் இறுகவைத்து விற்கிறார்கள். அதில் மரத்தின் அசைவு பெருமளவு அடங்கிவிடுகிறது. வண்ணம் ஏற்றிய வகைகள் என் கண்ணுக்கு உறுத்தும், ஆனால் ஈரப்பதம் அடிக்கடி மாறும் இடத்தில் வாழ்பவருக்கு அது நியாயமான தேர்வு.

இரு பலகைகளும் ஒரே கட்டையிலிருந்து வரட்டும். கட்டையைத் தடிமன்வாக்கில் இரண்டாக அறுத்துப் புத்தகம்போல் விரித்தால் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று பிம்பமாக அமையும். ஒவ்வொன்றும் சுமார் 13 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 9 அல்லது 10 மி.மீ. தடிமன் இருந்தால் போதும்.

அறுத்ததும் வேலையைத் தொடங்காதீர்கள். கட்டையின் உள்ளே அடங்கியிருந்த இழுவிசை அறுத்தவுடன் விடுபடுகிறது, பலகை அதற்கேற்ப வளைந்து முடிக்க அவகாசம் வேண்டும். இரு துண்டுகளையும் நடுவில் குச்சி வைத்து, துப்பாக்கி வழக்கமாக இருக்கப்போகும் அறையிலேயே விட்டுவிடுங்கள். சில நாளுக்கு ஒருமுறை கிராம் காட்டும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அந்தத் துண்டின் மேலேயே எழுதுங்கள். எண் குறைந்துகொண்டே வரும், பிறகு ஒரே இடத்தில் நிற்கும். தொடர்ந்து சில முறை ஒரே எடை காட்டிய பிறகு அரத்தை எடுக்கலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால் கணக்கு எளிது. வால்நட் பலகை ஒன்று 38 மி.மீ. அகலம் இருக்கிறது, அதன் ஈரம் 4 சதவீதம் மாறுகிறது என்று வையுங்கள். மரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் அறுத்த பலகையானால் அகலத்தில் ஏறக்குறைய 0.4 மி.மீ. மாறிவிடும். விரல் நகம் தட்டும் அளவு அது. நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம், அதனால்தான் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடையிலான தூரம் நமக்குத் தொல்லை தருவதில்லை. தொல்லை எல்லாம் அகலத்தில்தான்.

முதலில் பின்பக்கம்

தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். பலகையின் உள்முகம் முழுவதும் பென்சிலால் கிறுக்கி, கண்ணாடி மேல் வைத்து எட்டு வடிவத்தில் தேயுங்கள். கிறுக்கல் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். எல்லாக் கிறுக்கலும் ஒரே சமயத்தில் மறையும்வரை செய்ய வேண்டும். பிறகு சட்டகத்தின் மேல் வைத்து எதிரெதிர் மூலைகளை மாறி மாறி விரலால் அழுத்துங்கள். டக் டக் என்று மெல்லிய ஒலி கேட்டால் இன்னும் ஆடுகிறது. ஆடும் பலகையைத் திருகால் இறுக்கிச் சரிசெய்யலாம் என்று நினைக்கவே வேண்டாம், விரிசல்கள் பிறக்கும் இடம் அதுதான்.

துளைகள்

1911 சட்டகத்தில் திருகு நேராக உலோகத்தில் இறங்குவதில்லை. சட்டகத்தில் புஷிங் எனப்படும், உள்ளே மரை கொண்ட சிறு உலோகக் குழல்கள் பதிந்து நிற்கும், அவற்றின் தலை பலகையின் உள்முகத்துக்குள் அமர வேண்டும், திருகு அவற்றுக்குள் இறங்கும். அதனால் ஒவ்வொரு துளையும் மூன்று அளவுகளில் அமைகிறது: உள்முகத்தில் புஷிங்குக்கு ஒரு குழி, வெளிமுகத்தில் திருகுத் தலைக்கு ஒரு குழி, நடுவில் திருகுத் தண்டுக்கு ஒரு வழி.

இடத்தைக் குறிக்க அளவுகோலை நம்பாதீர்கள். புஷிங்கின் விளிம்பில் உதட்டுச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, பலகையைச் சரியான இடத்தில் வைத்து ஒருமுறை நேராக அழுத்தி எடுங்கள். பலகையின் உள்முகத்தில் இரண்டு சிவப்பு வளையங்கள் விழும். வளையம் முழுவதும் ஒரே தடிமனில் இருந்தால் பலகை சமமாக அமர்கிறது. ஒரு பக்கம் மங்கினால் கண்ணாடித் தகட்டுக்குத் திரும்புங்கள். புஷிங் இல்லாத துப்பாக்கிகளில் அதே மரை கொண்ட பழைய திருகு ஒன்றின் தலையை வெட்டி, முனையைக் கூராக்கி, கூர்முனை சற்றே வெளியே தெரியும்படி துளையில் ஏற்றி அழுத்தினால் மையப் புள்ளி கிடைத்துவிடும்.

துளையிடும் வரிசை முக்கியம். முதலில் பெரிய குழி, நடுவில் கூர்முனை கொண்ட தட்டை அடி துளையுளியால். குழியின் அடியில் அந்தக் கூர்முனை ஒரு புள்ளி விட்டுச்செல்லும், அதில் சிறிய துளையுளியை வைத்து மறுபக்கம் வரை போகலாம். சிறியதை முதலில் போட்டுவிட்டால் பெரிய உளிக்கு நடுவில் பிடிமானம் இல்லாமல் அலையும். கை டிரில் வேண்டாம், நிலை டிரில்தான். பலகையின் அடியில் கழிவுக் கட்டை ஒன்றை இறுகப் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் உளி வெளிவரும் இடத்தில் மரம் சிராய்ப்பாகப் பெயரும்.

இரு குழிகளுக்கும் நடுவே மிஞ்சும் மரத்தின் தடிமன்தான் திருகின் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது. 2 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். திருகுத் தண்டுக்கான வழியைத் தண்டைவிட 0.2 முதல் 0.3 மி.மீ. பெரியதாக விடுங்கள், புஷிங் குழியையும் அதேபோல் ஒரு மயிரிழை தளர்வாக. மரம் அகலத்தில் அசையும்போது அதற்குப் போக இடம் வேண்டும். ‘இறுக்கமாக இருந்தால்தான் நேர்த்தி’ என்ற எண்ணம் இங்கே செல்லாது.

ஆரம்பகால 1911 பலகைகளில் பிடிமானத்துக்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கீறிக் கட்டம் வெட்டியிருக்கும், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மட்டும் கட்டம் வெட்டாத ஒரு வைர வடிவம் இருக்கும். அலங்காரம் போல் தெரிந்தாலும், துளையைச் சுற்றி மரம் குறையாமல் பலமாக நிற்க அதுவும் உதவுகிறது. பின்னாளில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ராணுவம் பழுப்பு பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது.

வெளிக்கோடும் இடைவெளிகளும்

திருகுகளை மாட்டிப் பலகையைச் சட்டகத்தில் நிறுத்தி, கூர்மையான பென்சிலால் விளிம்பைச் சுற்றி வரையுங்கள். கழற்றி, கோட்டுக்கு வெளியே ஒரு மி.மீ. விட்டு வளைவு ரம்பத்தால் அறுங்கள். மீதி அரத்தின் வேலை. அரம் எப்போதும் வெளிமுகத்திலிருந்து உள்முகம் நோக்கிப் போனால், சிராய்ப்பு வந்தாலும் பின்பக்கத்தில் ஒளிந்துகொள்ளும். கடைசி மயிரிழையை அரத்தின் மேல் பலகையை நகர்த்தித் தேயுங்கள்.

1911-இன் இடப்பலகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதன் மேல்விளிம்புக்கு அருகில் சட்டகத்தில் ஒரு சிறு குழாய் ஓடுகிறது, பாதுகாப்பு நெம்புகோலுக்கு இழுவை தரும் வில் அதற்குள் இருக்கிறது. நல்ல பலகை அந்தக் குழாயை ஒட்டி உட்கார்ந்து, அது காலப்போக்கில் சட்டகத்திலிருந்து கழன்று எழாமல் தாங்கியும் கொள்ளும். பொருந்தவில்லை என்று அந்த இடத்தைத் தாராளமாக வெட்டிவிட்டால் குழாய்க்கு ஆதரவு போய்விடும். ஒரு சீவல் எடுப்பது, வைத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு சீவல்: வேகமாகச் செய்ய முடியாத இடம் இது. இருபுற நெம்புகோல் கொண்ட துப்பாக்கியானால் வலப்பலகையின் மேல்பகுதியிலும் ஒரு சிறு வெட்டு தேவைப்படும்.

பிறகு துப்பாக்கியை, தோட்டா இல்லாமல்தான், முழுவதும் பூட்டிச் சோதியுங்கள். காலித் தோட்டாப்பெட்டி தன் எடையிலேயே விழ வேண்டும். விழாவிட்டால் திருகின் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு பெட்டியை உரசுகிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். பாதுகாப்பு நெம்புகோல் மேலும் கீழும் முழுமையாகப் போகிறதா? பிடியின் பின்புறம் உள்ளங்கை அழுத்தும் பிடிப்பூட்டு, அழுத்தி விட்டதும் திரும்புகிறதா? மூன்றில் ஒன்று தடைப்பட்டாலும் அந்தப் பலகை இன்னும் முடியவில்லை.

கைக்கு வடிவம்

பிடியின் தடிமனைத் தீர்மானிப்பது விரலின் நீளம். துப்பாக்கிக் குழல் முன்கையின் நேர்க்கோட்டில் இருக்கும்படி பிடித்தால், சுட்டுவிரல் நுனிச்சதை விசையின் மேல் நேராகப் படிய வேண்டும். விரல் எட்டவில்லை என்றால் பலகை தடிமன் அதிகம். முதல் கணுவையும் தாண்டிப் போனால் மெலிவு. சிறிய கைக்கு 4 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள பலகை செய்யலாம், ஆனால் அதற்குக் குட்டை புஷிங்கும் குட்டைத் திருகும் தனியாக வாங்க வேண்டும்.

வளைவை நேரடியாக உருட்ட முயலாதீர்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு, முன் பின் விளிம்புகளில் எஞ்ச வேண்டிய தடிமனுக்கு ஒரு கோடு. முதலில் கரட்டரத்தால் ஒரே சாய்வாக ஒரு தளம் எடுங்கள். அந்தத் தளத்தின் இரு விளிம்புகளையும் மறுபடி சாய்த்தால் தளங்கள் இரட்டிக்கும். பிறகுதான் அவற்றை ஒன்றோடொன்று கரைக்க வேண்டும். இடப்பலகையில் ஒரு தளம் எடுத்தால் உடனே வலப்பலகையிலும் அதே தளம். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் இரண்டும் ஒருநாளும் ஒன்றாகாது. வெர்னியர் காலிப்பரால் ஒரே இடங்களில் இரண்டையும் அளந்து 0.2 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள்.

கண் இங்கே எளிதில் ஏமாறும், உள்ளங்கை ஏமாறாது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடிச்சதையில் ஒரு சிறு மேடு குத்தினாலும் தெரிந்துவிடும். கையில் கரித்தூள் பூசிக்கொண்டு இறுகப் பிடித்தால் மேடுகள் கறுப்பாகத் தங்கும்.

ரிவால்வருக்கு வேறு கவலைகள். சுடும்போது அது கைக்குள் மேல்நோக்கிச் சுழல முயலும், அதனால் உள்ளங்கைக்குச் சற்றுப் புடைத்த நடுவயிறும் கீழே லேசான விரிவும் நல்லது. விசைக்காப்புக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தை நிரப்பினால் நடுவிரல் அடிபடாது. இடப்பலகையின் மேல்பகுதியைத் தாராளமாகக் குழிவாக்குங்கள். உருளையைத் திறந்து வெற்றுக் கூடுகளைத் தள்ளும்போது அவை பலகையில் முட்டி நிற்பது பழைய பிடிகளில் வழக்கமான குறை.

விரல் பள்ளங்கள் வெட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கைக்குப் பொருந்துவது இன்னொரு கைக்குப் பொருந்தாது, கையுறை போட்டால் உங்கள் கைக்கே பொருந்தாது. கட்டம் வெட்டுதல் வேறு, அது பயனுள்ள வேலை. அடர்மரத்தில் அங்குலத்துக்கு 18 முதல் 20 கோடுகள், நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கான வைரங்கள். முதல் இரண்டு கோடுகள் ஒரு நூல் தவறினால் கடைசிக் கோடு எங்கோ போய் நிற்கும். கழிவு மரத்தில் ஒரு முழுப் பலகை வெட்டிப் பழகாமல் நல்ல மரத்தைத் தொடாதீர்கள்.

கொம்பு

கொம்பும் மான்கொம்பும் வேறு வேறு பொருள்கள். மாட்டுக்கொம்பும் எருமைக்கொம்பும் நகம், மயிர் வகையைச் சேர்ந்த கெரட்டின், எலும்பு மையத்தின் மேல் உறைபோல் வளர்வது. மான்கொம்பு முழுக்க எலும்பு, வருடம்தோறும் உதிர்வது, உள்ளே பஞ்சுபோன்ற துளைகள் கொண்டது. அதன் வணிகம் பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இங்கே எருமைக்கொம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதுவே எனக்கு மிகப் பிடித்த பொருளும்கூட: கையில் எடுத்த கணமே உடல்சூட்டை வாங்கிக்கொள்ளும், வியர்வையிலும் வழுக்காது.

கொம்பின் நுனி கெட்டி, அதிலிருந்து நேராகவே பலகை அறுக்கலாம், ஆனால் அகலம் போதாமல் போகலாம். அடிப்பகுதி அகலமானது, உள்ளே பொள்ளல், வளைந்த சுவர். அதை நிமிர்த்த வேண்டும். அறுத்த துண்டைக் கொதிநீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டு வைத்தால் கெரட்டின் இளகும். தடித்த தோல்போல் வளையத் தொடங்கியதும் எடுத்து, சூடாக்கிய இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்துக் கிளாம்பால் மெதுவாக, சில நிமிடத்துக்கு ஒரு சுற்றாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் வெளிப்பக்கம் பிளக்கும். முழுவதும் ஆறி உலரும்வரை கழற்றக் கூடாது, ஓர் இரவு போதாது. கழற்றிய பிறகும் சில வாரம் சும்மா கிடக்கட்டும். கொம்புக்குத் தன் பழைய வளைவு நினைவிருக்கும், திரும்பப் போக முயலும். எவ்வளவு திரும்புகிறதோ திரும்பட்டும், அதன் பிறகு கண்ணாடித் தகட்டில் தட்டையாக்குங்கள்.

வேலை செய்யும்போது சூடு ஏறக் கூடாது. இயந்திரத் தேய்ப்பானில் இரண்டு நொடி அதிகம் வைத்தால் மயிர் கருகும் நாற்றம் வரும், அந்த இடம் வெளுத்து அடுக்கு பிரியும். கையரமும் சுரண்டியும் போதும். விளிம்பில் அடுக்குகள் பிரிவது தெரிந்தால் நீர்போல் ஓடும் உடனடிப் பசை ஒரு சொட்டு விட்டு, இறுக்கி, உலர்ந்ததும் மட்டம் செய்யுங்கள். உப்புத்தாள் 120-இல் தொடங்கி 1000 வரை போகட்டும். பிறகு துணியில் எண்ணெயும் நுண்ணிய சுண்ணத்தூளும் வைத்துத் தேய்த்தால் ஆழ்ந்த கறுப்பும் உள்ளே ஓடும் பழுப்பு இழைகளும் எழும்.

கொம்புக்கு ஒரு பகை உண்டு. கம்பளி அரிக்கும் பூச்சிகளும் தோல் வண்டுகளும் அதைத் தின்னும். பல வருடம் பெட்டிக்குள் கிடந்த பிடிகளில் சிறு குழிகள் தெரிந்தால் அவற்றின் வேலை. மெழுகு பூசுவதும் அவ்வப்போது வெளியே எடுத்துக் கையாளுவதும் காப்பு.

தந்தம்

பழைய துப்பாக்கிகளில் தந்தப் பிடிக்குத் தனி இடம் இருந்தது. இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் 1916-இல் வாங்கிய கோல்ட் ரிவால்வரின் தந்தப் பிடி உலகப் புகழ் பெற்றது. அதை யாராவது முத்துச்சிப்பி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் இன்று புதிதாகப் பிடி செய்ய யானைத் தந்தத்தை நாடக் கூடாது என்பது என் முடிவு, சட்டமும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. ஆப்பிரிக்க யானையை சைட்ஸ் முதல் பட்டியலுக்கு மாற்றும் முடிவு 1989-இல் எடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் தந்தத்தின் சர்வதேச வணிகம் நின்றது. அமெரிக்கா 2016-இல் உள்நாட்டு விற்பனையை ஏறக்குறைய முழுவதும் தடுத்தது. பிரிட்டனின் 2018 சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்துத் துண்டு என்று சொல்லி விற்பவரிடம் தாள் இல்லை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

அழிந்துபோன யானை வகையான மம்மூத்தின் தந்தம் சைட்ஸ் பட்டியலில் இல்லை, பல இடங்களில் விற்கப்படுகிறது. ஆனால் நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அதையும் தடுத்திருக்கின்றன, காரணம் யானைத் தந்தத்தை அதன் பெயரில் கடத்துவார்கள் என்பது. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. தந்தத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். வெளி ஓரத்துக்கு அருகே அவை வெட்டிக்கொள்ளும் கோணம் யானையில் சராசரியாக 100 பாகைக்கு மேல், மம்மூத்தில் 100-க்குக் கீழ். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்த மம்மூத் தந்தம் அடுக்கடுக்காகப் பிரியும் குணம் உள்ளது. எனவே பிசின் ஏற்றிய துண்டுகளையே பார்க்க வேண்டும். வேலை செய்யும்போது சூடும் ஈரமும் படாமல், கையரத்தால் மட்டும்.

மாற்றுப் பொருள்களில் எலும்பு நேர்மையானது. ஒட்டகம், மாடு ஆகியவற்றின் கால் எலும்பைக் கொழுப்பு நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து விற்கிறார்கள். குளோரின் வெளுப்பான் கூடாது, எலும்பு பொடிந்துபோகும். எலும்புச் சுவரின் தடிமன் குறைவு என்பதால் மெல்லிய பலகைக்கே சரிவரும். உற்றுப்பார்த்தால் நாளங்களின் கறுத்த சிறு புள்ளிகள் தெரியும், அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. தாகுவா என்னும் பனைவிதையைத் தாவரத் தந்தம் என்பார்கள். பார்க்க அச்சாகத் தந்தமேதான், ஆனால் ஒரு விதை கோழிமுட்டை அளவைத் தாண்டுவது அரிது. பலகைக்கு ஆகாது, மரத்தில் சிறு துண்டுகளாகப் பதிக்கும் வேலைக்கு ஆகும்.

அன்றாடம் கையாளும் துப்பாக்கிக்கு என் பரிந்துரை காகித மைக்கார்ட்டாவின் தந்த நிற வகை. காகிதத்தைப் பிசினில் தோய்த்து அழுத்தி இறுக்கியது. ஈரத்துக்கு அசையாது, வருடங்கள் போகப்போகத் தானே மஞ்சள் ஏறும். பாலியெஸ்டர் பிசினில் வரிகள் ஓடவிட்டு வார்த்த போலித் தந்தமும் நன்றாக இருக்கும், ஆனால் அது கீழே விழுந்தால் மூலை தெறிக்கும்.

செல்லுலாய்டு என்னும் பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த பிடிகள் கையில் கிடைத்தால் எச்சரிக்கை. 1860-களின் இறுதியில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஜான் வெஸ்லி ஹயட் பில்லியர்ட்ஸ் பந்துகளில் தந்தத்துக்கு மாற்றுத் தேடி இறங்கியதில் வளர்ந்த பொருள் இது. எளிதில் தீப்பற்றும். முதுமையில் சிதைந்து அமில வாயு விட்டு, அருகில் இருக்கும் எஃகை அரிக்கும். பிடியின் அடியில் மட்டும் துரு பூக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் அது.

மெருகும் பூச்சும்

மரத்துக்கு 120, 180, 240, 320, 400 என்று படிப்படியாகப் போங்கள். ஒரு படியைத் தாண்டினால் முந்தையதன் கீறல் எண்ணெய் பட்டதும் எழுந்து நிற்கும். 320-க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார்கள் நிமிரும். உலர்ந்ததும் அதே தாளால் சீவி எடுங்கள். பலகை சட்டகத்தில் இருக்கும்போது உப்புத்தாள் போடுவது சட்டகத்தின் நீலப்பூச்சைத் தேய்த்துவிடும். பலகைகளைக் கழற்றி, ஒரு கட்டையில் திருகி வைத்துச் செய்யுங்கள்.

வால்நட்டுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய். மிக மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுவதும் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு அடுத்தது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் விடும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள் அல்லது தண்ணீரில் ஊறவைத்து அகற்றுங்கள். கொக்கோபோலோ, ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசை மரங்களில் இந்த எண்ணெய் சரியாகக் காயாது, மெழுகு போட்டுத் தேய்த்தாலே போதும். அவற்றில் எதையாவது ஒட்ட வேண்டுமானால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

எந்தப் பூச்சானாலும் பின்முகத்திலும் குழிகளின் உட்சுவரிலும் துளை விளிம்பிலும் போட வேண்டும். பெரும்பாலோர் விடும் இடம் இது. வெளிமுகத்தை மட்டும் அடைத்துவிட்டால் பலகை ஒரு பக்கமாக மட்டுமே ஈரத்தைக் குடிக்கும், அப்போதுதான் ஓரங்கள் தூக்கும். அரக்குப் பூச்சு அழகானது, ஆனால் ஆல்கஹாலுக்குக் கரையும். குழல் சுத்திகரிக்கும் திரவங்கள் பல பூச்சுகளை உரிக்கும். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது பலகைகளைக் கழற்றி வைப்பதுதான் வழி.

பொருத்தும் முன் சட்டகத்தின் பிடிப்பகுதியில் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்றைத் தடவுங்கள். பலகைக்கு அடியில் வியர்வை தங்கும், எஃகு துருப்பிடிக்கும், துருவும் மரத்தில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து மரத்தில் கறுப்புக் கறை படியும். இரு திருகுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். திருகுத் தலை அமர்ந்ததும் ஒரு கால் சுற்று, அவ்வளவுதான். தானே தளர்ந்துவிடுகிறது என்றால் தலையின் அடியில் மெல்லிய ரப்பர் வளையம் போடலாம்.

முதல் ஆண்டில் பருவம் மாறும்போதெல்லாம் திருகுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். விளிம்பில் நகம் தட்டும் படி எழுந்திருந்தால் உடனே அரத்தை எடுக்க வேண்டாம். அடுத்த பருவத்திலும் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நின்றால் 400 எண் தாளால் இரண்டு இழுப்பு, அதே பூச்சு ஒரு கை.